கரண்ட் பில்லும் வீசிங் செலவும் ஒரே நோட்டில்

எங்கள் வீடு எர்ணாவூர் பக்கம். காலையில் மொட்டை மாடியில் உலர்த்திய வெள்ளை வேட்டியைச் சாயங்காலம் எடுத்தால் மடிப்பில் ஒரு சாம்பல் கோடு இருக்கும். உதறினால் போகாது, தேய்த்தால் இன்னும் பரவும். அம்மா வெள்ளைத் துணி வாங்குவதையே நிறுத்திப் பல வருடம் ஆகிறது. எங்களுக்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம், அதன் பக்கத்தில் வல்லூர், இந்தப் பக்கம் மணலி தொழிற்சாலைகள், நடுவில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள். பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். ஆனால் 2024 மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட் புது யூனிட் திறந்தார்கள். கூட்டிப் பார்த்தால் இந்தச் சின்ன வட்டாரத்தில் மட்டும் 4,000 மெகாவாட்டுக்கு மேல் நிலக்கரி மின்சாரம்.

இதையெல்லாம் சொல்லிப் புலம்ப வரவில்லை. நான் ஒரு லாரி செட்டில் கணக்கு எழுதுகிறவன். டீசல், டயர், பேட்டா, டோல் என்று எல்லாவற்றுக்கும் தனிப் பக்கம் போட்டு எழுதுவேன். ஒரு தை மாதம் ராத்திரி 2 மணிக்கு அம்மாவுக்கு இழுப்பு வந்து, ஆட்டோ பிடித்து ஓடி, நெபுலைசர் வைத்து விடியற்காலையில் திரும்பி வந்தபோதுதான் உறைத்தது. வீட்டில் கரண்ட் பில்லுக்குக் கணக்கு இருக்கிறது, கேஸ் சிலிண்டருக்கு இருக்கிறது, புகைக்கு மட்டும் கணக்கே இல்லை. அன்றைக்கு ஒரு 80 பக்க நோட்டு போட்டேன். நான்கு மாதம் எழுதிக் கூட்டினால் 11,340 ரூபாய். அதே நான்கு மாதத்துக் கரண்ட் பில் இரண்டும் சேர்த்து 6,000 சொச்சம். கரண்ட் பில்லுக்கு வீட்டில் சண்டையே நடக்கும். அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமில்லாமல் போயிருக்கிறது.

நோட்டை எப்படிப் போடுவது, அதைப் பார்த்து எதை முதலில் மாற்றுவது, மாடியில் சோலார் போடலாமா வேண்டாமா என்பதை எப்படி முடிவு செய்வது, இவ்வளவுதான் இந்தப் பதிவு. நீங்கள் எண்ணூரில் இல்லாமல் தூத்துக்குடியிலோ நெய்வேலியிலோ மேட்டூரிலோ இருந்தாலும், அல்லது குப்பை எரிகிற ஏதோ ஒரு தெருவில் இருந்தாலும், முறை இதேதான்.

முதலில் நோட்டு

தேதி, யாருக்கு, என்ன தொந்தரவு, டாக்டர் ஃபீஸ், மருந்து, போக்குவரத்து, வேலைக்குப் போகாததால் இழந்த சம்பளம். ஏழு கட்டம் போதும். எல்லோரும் விடுவது கடைசிக் கட்டத்தைத்தான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன அன்று நான் அரை நாள் லீவு, என் மனைவி வீட்டில் தைக்கிற பிளவுஸ் இரண்டு நின்றுபோனது, பையன் தூங்காமல் பள்ளிக்கு மட்டம். தினக்கூலி வாங்குகிற வீட்டில் இந்தக் கட்டம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியதாக வரும்.

"காப்பீடு இருக்கே" என்பார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்களுக்கு உண்டு, வாங்காதவர்கள் கட்டாயம் வாங்கி வையுங்கள். ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால் கைகொடுக்கிற காப்பீடு. மாதாமாதம் வாங்குகிற இன்ஹேலரும், அவசரத்துக்கு ஓடுகிற கிளினிக் செலவும் கைக்காசுதான். அதனால்தான் இந்தச் செலவு யார் கண்ணிலும் படுவதில்லை: 400, 600 என்று சில்லறை சில்லறையாகப் போகும், மொத்தமாக ஒரு நாளும் வலிக்காது.

குறைந்தது மூன்று மாதம் எழுதுங்கள். முடிந்தால் மார்கழி, தை அதில் வரட்டும். குளிர்காலத்தில் கீழே இருக்கிற காற்று மேலே ஏறாமல் தங்கிவிடும், புகையும் அதோடு தங்கும். போகி அன்றைக்குப் பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துகிற புண்ணியவான்கள் வேறு. 2018 போகிக்குச் சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடியது நினைவிருக்கும்.

வீட்டுக்குள் இருக்கிற புகை

எங்கள் நோட்டில் நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. அம்மாவுக்கு இழுப்பு வந்த ஏழு ராத்திரிகளில் ஐந்து ராத்திரி அறையில் கொசுவர்த்திச் சுருள் எரிந்திருக்கிறது. நான் அனல்மின் நிலையத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன், கட்டிலுக்குக் கீழேயே ஒரு சின்னப் புகைபோக்கி ஓடிக்கொண்டிருந்தது. 2003-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளியாகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். மூடிய அறை, 8 மணி நேரம், ஆஸ்துமா உள்ள ஒருவர். கொசுவலை வாங்கினேன். 450 ரூபாய். இந்த நோட்டு போட்டதில் வந்த மிக மலிவான லாபம் அதுதான்.

அதனால் வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: வெளிக்காற்றுக்கு முன்னால் படுக்கை அறை, படுக்கை அறைக்கு அப்புறம் அடுப்படி. சுருள், ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். சாமி கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்கள் வீட்டில் சாம்பிராணியை வாசலோடு நிறுத்திக்கொண்டோம், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

அடுப்படிக்கு வந்தால், விறகு எரிகிற வீடுகள் இன்னும் நிறைய. சமையலுக்குக் கேஸ் வந்திருக்கும், ஆனால் குளிக்கிற வெந்நீருக்கு மட்டும் பின்கட்டில் ஓலை, மட்டை, மரத்தூள், கையில் கிடைத்தது எல்லாம் போகும். விறகு இலவசம் என்று சொல்வார்கள். நோட்டில் எழுதிப் பார்த்த பிறகு சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் வீட்டு அடுப்புப் புகையால் உலகத்தில் இறந்தவர்கள் சுமார் 32 லட்சம் பேர். அடுப்பின் முன்னால் அதிக நேரம் நிற்பவர்களும் அவர்கள் இடுப்பில் இருக்கிற குழந்தைகளும்தான் இதில் முதலில் மாட்டுவது. வெந்நீர் அடுப்பை முற்றத்தின் காற்றோட்டமான மூலைக்கு மாற்றுவதும், ஈரவிறகை எரிக்காமல் இருப்பதும் செலவில்லாத வேலை.

கேஸ் அடுப்பும் முழுச் சுத்தம் இல்லை, நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். ஆனால் விறகோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தாளிக்கும்போதும் வறுக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், முடித்த பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும். நிறைய வீடுகளில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கும், அதில் குருவி கூடு கட்டியிருக்கும்.

வெளிக்காற்றை எப்படிச் சமாளிப்பது

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் என்கிற ஆப் இலவசம். மணலி, கொடுங்கையூர், ராயபுரம், வேளச்சேரி என்று உங்களுக்குப் பக்கத்து அளவீட்டு நிலையத்தின் காற்றுத் தர எண்ணைப் பார்க்கலாம். ஆனால் அதில் வருகிற வார்த்தையை அப்படியே நம்பாதீர்கள். எண் 100 வரை "திருப்திகரம்" என்று பச்சை நிறத்தில் காட்டும். 100 என்றால் 24 மணி நேர சராசரியில் பிஎம் 2.5 என்கிற மிக நுண்ணிய துகள் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். இந்தியாவின் வரம்பு அது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வரம்பு 15. அதாவது அவர்கள் சொன்னதைப்போல நான்கு மடங்கு வரை நமக்குப் பச்சைதான். நெஞ்சுப் பிரச்சினை உள்ளவர் வீட்டில் இருந்தால் ஆப் காட்டுகிற எண் 60, 70-லேயே உஷாராகிவிடுங்கள்.

அந்த எண்ணையும் நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம் மருந்துக்கடையில் பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழல் கிடைக்கும், சில நூறு ரூபாய்தான். காலையிலும் ராத்திரியிலும் ஊதி எண்ணைக் குறித்து வைத்தால், உடம்பு நன்றாக இருக்கிற நாட்களின் உச்ச அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதே தெரிந்துவிடும், டாக்டர் சொல்லிக் கொடுத்த மருந்தை அப்போதே ஆரம்பிக்கலாம். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. எங்களுக்கு ராத்திரி 2 மணி ஆட்டோ நின்றது இதனால்தான் என்று நினைக்கிறேன். சாயங்காலமே தெரிந்துவிடுகிறது.

இன்ஹேலர் "பழகிடும்" என்று பயந்து மாத்திரையிலும் நெபுலைசரிலும் ஓட்டுகிறவர்கள் அதிகம். அம்மாவும் அப்படித்தான் இரண்டு வருடம் ஓட்டினார். தினமும் எடுக்கிற தடுப்பு இன்ஹேலர் வேறு, இழுப்பு வரும்போது எடுப்பது வேறு. உங்களுக்கு எது தேவை என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், ஸ்பேசர் என்கிற குழலை இன்ஹேலரில் மாட்டி மருந்தை இழுக்கிற முறையை அவர் முன்னாலேயே செய்து காட்டுங்கள். 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் ஜெனரிக் மருந்து மலிவு, சீட்டைக் கொண்டுபோய் விலை கேட்டுவிட்டு அப்புறம் வழக்கமான கடைக்குப் போங்கள்.

ஜன்னல் விஷயம் ஊருக்கு ஊர் மாறும். எங்களுக்குக் காலை 9 மணி வரை மூடி வைத்து, மதியம் கடல்காற்று ஏறும்போது திறப்பது சரியாக வருகிறது. வாடைக்காற்று வீசுகிற மாதங்களில் வடக்குப் பக்கத்து ஜன்னல் ராத்திரியில் கண்டிப்பாக மூடி. வீட்டைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல், பெருக்கினால் அந்தச் சாம்பல் எழுந்து திரும்ப மூக்குக்குத்தான் வரும். தெருவில் குப்பை எரித்தால் சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லியிருக்கிறது. கட்டியவரை நான் பார்த்ததில்லை, ஆனால் மூன்று தடவை கூப்பிட்டால் எரிப்பது நிற்கிறது.

இப்போது கரண்ட் பில்: சோலாருக்கு முன்னால் ஃபேன்

மருத்துவச் செலவு குறைந்ததும் கையில் கொஞ்சம் காசு நின்றது. உடனே சோலார் என்று ஆசை வந்தது. நல்ல வேளை, அதற்கு முன்னால் மீட்டரைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 620 யூனிட். பழைய சீலிங் ஃபேன் நான்கு, ஒவ்வொன்றும் சுமார் 75 வாட். பிஎல்டிசி என்று இப்போது வருகிற, குறைவாகக் கரண்ட் இழுக்கிற ஃபேன் 30 சொச்சம் வாட். வித்தியாசம் 40 வாட் என்றே வையுங்கள். சென்னை வெயிலில் ஒரு ஃபேன் சராசரி 15 மணி நேரம் ஓடும். ஒரு நாளைக்கு 0.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 36, நான்கு ஃபேனுக்கு 144.

தமிழ்நாட்டு பில்லில் ஒரு மேடு இருக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டு மாத உபயோகம் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்குமான கூடுதல் சலுகையும் போய்விடும், மேல் ஸ்லாபில் யூனிட் 8 ரூபாய்க்கு மேல் ஏறும். நான் கணக்குப் போட்டபோது இருந்த விலையில் 500-ல் நிற்கிற பில்லுக்கும் 501-ல் நிற்கிற பில்லுக்கும் 200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம், ஒரே ஒரு யூனிட்டுக்கு! 620 யூனிட்டுக்குச் சுமார் 3,000 கட்டிக்கொண்டிருந்த நாங்கள் நான்கு ஃபேன் மாற்றி 476-க்கு இறங்கியதும் பில் 1,700-க்குள் வந்தது. ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் என்றால் 12,000 செலவு, வெயில் காலமும் மழைக்காலமும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிடும். ஒரே தடவையில் முடியாவிட்டால் அதிக நேரம் ஓடுகிற ஹால் ஃபேனை முதலில் மாற்றுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் கட்டுப்படியாகும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8, 9 என்று வசூலிக்கிற ஓனர்களிடம் இலவச 100 யூனிட் எல்லாம் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே காசு. ஃபேனைக் கழற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகலாம், சோலாரைக் கழற்ற முடியாது.

சோலார் யாருக்கு, எவ்வளவு

2024 பிப்ரவரியில் ஆரம்பித்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் மானியம் இப்படி: முதல் 2 கிலோவாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் அதிகபட்சம் 78,000. 5 கிலோவாட் போட்டாலும் 78,000தான். விற்க வருகிறவர் முதல் வார்த்தையாகவே இந்த எண்ணைச் சொல்லுவார். எங்கள் வீட்டுக்கு வந்தவரும், "சார், 3 கிலோவாட் போடுங்க, அப்பதான் ஃபுல் மானியம்" என்றார். மானியத்துக்காகப் பெரிய சைஸ் வாங்குவது, தள்ளுபடி என்பதற்காக ஒரு சைஸ் பெரிய சட்டை வாங்குவது மாதிரி.

நீங்களே கணக்குப் போடலாம். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. உங்கள் இரண்டு மாத உபயோகத்தில் இலவச 100-ஐக் கழித்து, மீதியை 240-ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் சைஸ். எங்களுக்கு 476-ல் 100 போக 376, வகுத்தால் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். 2 கிலோவாட் தாராளம். மூன்றாவது கிலோவாட் எங்கள் வீட்டில் சும்மா வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உபரி மின்சாரத்தை விற்றுச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால், அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். நாம் வாங்குகிற விலைக்கு அவர்கள் வாங்கிக்கொள்வதில்லை.

இனி யாருக்குக் கட்டுப்படியாகும் என்பது. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்குள் ஓடுகிற வீட்டுக்கு பில்லே 700 ரூபாய் சொச்சம்தான் வரும், வருடத்துக்கு 4,200. அதற்காக மானியம் போகவும் 70,000, 80,000 கையிலிருந்து போடுவது வீண், அந்தக் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். 1,000 யூனிட் ஓடுகிற, இரண்டு ஏசி இருக்கிற வீடு என்றால் கதையே வேறு. 3 கிலோவாட் போட்டு 300-க்கு இறக்கினால் இரண்டு மாதத்துக்கு 6,000 ரூபாய் மிச்சம், மூன்று நான்கு வருடத்தில் போட்டது வந்துவிடும். நடுவில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு ஏழெட்டு வருடம் ஆகும். பேனலுக்கு 25 வருட வாரண்டி தருகிறார்கள், இன்வெர்ட்டர் அதற்குள் ஒரு தடவையாவது மாற்ற வேண்டிவரும், அந்தக் காசையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் நாங்கள் 2 கிலோவாட் போட்டதற்குக் காரணம் இண்டக்ஷன் அடுப்பு. ஒரு 14.2 கிலோ சிலிண்டர் செய்கிற வேலையை இண்டக்ஷனில் செய்ய ஏறத்தாழ 90 முதல் 120 யூனிட் ஆகும். யூனிட் 8, 9 ரூபாயில் வாங்கிச் சமைத்தால் சிலிண்டரே மலிவு அல்லது சரிக்குச் சரி. சொந்தக் கூரையில் மிச்சம் கிடக்கிற யூனிட்டில் சமைத்தால் லாபம், அடுப்படியில் நெருப்பும் இல்லை. 2 கிலோவாட்டில் எங்களுக்கு மிஞ்சுகிற நூறு யூனிட் இப்படித்தான் சோறு வடிக்கவும் பால் காய்ச்சவும் போகிறது. தோசை மட்டும் இன்னும் கேஸில்தான், அம்மாவிடம் இரும்புக் கல்லைப் பற்றிப் பேச முடியாது.

விவசாய வீடுகளுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பம்புசெட் மின்சாரம் இலவசம் என்பதால், இணைப்பு ஏற்கனவே இருப்பவர்கள் சோலார் பம்புக்கு மாறி மிச்சப்படுத்த ஒன்றும் இல்லை. இணைப்புக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்களும் டீசல் இன்ஜினில் இறைப்பவர்களும்தான் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். டீசல் புகையும் போகும், டீசல் செலவும் போகும்.

விண்ணப்பிக்கும் முன்

உங்கள் ஈபி கனெக்ஷன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பாதி வீடுகளில் இன்னும் தாத்தா பெயரிலோ, இடத்தை விற்றுவிட்டுப் போனவர் பெயரிலோ இருக்கும். கனெக்ஷன் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் மானியம் வருவதற்குள் தலை நரைத்துவிடும். பெயர் மாற்றம் முதலில், அப்புறம் சூர்ய கர் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு, அதன்பிறகுதான் வெண்டருக்கு அட்வான்ஸ். மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வருவது. "மானியத்தைக் கழித்துக்கொண்டு கொடுங்கள்" என்று வெண்டர் கூடுதலாக ஏதாவது ஏற்பாடு சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். 10 கிலோவாட் வரைக்கும் தனியாகத் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டியதில்லை என்று 2024-ல் விதியே மாற்றியாகிவிட்டது, அதற்கு என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கடன் வேண்டுமென்றால் தேசிய வங்கிகளில் இதற்கென்றே ஜாமீன் இல்லாத கடன் குறைந்த வட்டியில் கிடைக்கும். கந்துவட்டிக்கு வாங்கி சோலார் போட்டால் கரண்ட் பில் போய் வட்டி பில் வரும்.

வெண்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று முக்கியம்: கரண்ட் போனால் ஓடுமா? எங்கள் பின்தெரு அக்கா வீட்டில், "அதெல்லாம் ஓடும்மா" என்று சொல்லித்தான் போட்டார்கள். முதல் பவர் கட்டிலேயே, நட்டநடு மதியத்தில், மேலே வெயில் கொளுத்த கீழே ஃபேன் நின்றது. பேட்டரி இல்லாமல் லைனோடு இணைத்திருக்கிற சோலார், லைனில் கரண்ட் போனால் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அது குறை இல்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லாதது குறைதான்.

மாடியில் 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தண்ணீர் டேங்க் நிழல், பக்கத்து வீட்டுத் தென்னை, அடுத்த வருடம் எழும்பப்போகிற மாடி எல்லாவற்றையும் காலை 9, மதியம் 12, மாலை 4 மணிக்கு ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பேனல் தெற்குப் பார்த்து இருக்க வேண்டும். கடலோர ஊர் என்றால் பேனலைத் தாங்குகிற இரும்புச் சட்டம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த பூச்சு உள்ளதாக இருக்கட்டும், மேலே அடித்த பெயின்ட் உப்புக்காற்றுக்கு ஒரு வருடம்கூட நிற்காது. 2016 வர்தா புயல் எங்கள் தெருவில் தகரக்கூரை எத்தனையைத் தூக்கிக்கொண்டு போனது என்று பார்த்தவன் நான், ஆங்கர் போல்ட்டை எண்ணித்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஐடிஐ எலக்ட்ரீசியன் முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், சூர்யமித்ரா என்று 600 மணி நேர இலவசப் பயிற்சி இருக்கிறது. இந்த வேலைக்கு ஆள் தட்டுப்பாடு எங்கள் பக்கம் அதிகம்.

சாம்பல் பேனல் மேலும் விழும்

இதை எந்த வெண்டரும் எங்களிடம் சொல்லவில்லை. போட்டு ஒரு மாதத்தில் தினம் 8 யூனிட் காட்டிக்கொண்டிருந்த ஆப் 6 சொச்சத்துக்கு இறங்கியது. மேலே ஏறிப் பேனல் மேல் விரலை வைத்து இழுத்தேன். விரல் நுனி கறுப்பு, பேனலில் ஒரு பளிச்சென்ற நீலக் கோடு. வேட்டியில் படிகிற அதே சாம்பல். நிலக்கரிக்கு மாற்றாகப் போட்ட பேனலையும் நிலக்கரிதான் மூடுகிறது, சிரிப்புதான் வந்தது.

மற்ற ஊர்களில் மாதம் ஒரு தடவை கழுவினால் போதும் என்பார்கள், எங்கள் பக்கம் வாரம் ஒரு தடவை. காலை 7 மணிக்கு முன்னால், அல்லது பொழுது சாய்ந்த பிறகு. கொதிக்கிற கண்ணாடியில் மதியம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட வாய்ப்பு உண்டு. சோப்பு, துணி துவைக்கிற பிரஷ் எதுவும் வேண்டாம், மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்த நீளக் கைப்பிடி வைப்பர் போதும். போர் தண்ணீர் உப்பு என்றால் கழுவிய பிறகு வெள்ளைப் படலம் காய்ந்து நிற்கும், அது தூசியைவிட மோசம். நல்ல தண்ணீர் இரண்டு குடம் இதற்கென்று எடுத்து வையுங்கள், அல்லது உப்புத் தண்ணீரில் கழுவியதும் உடனே வைப்பரால் வழித்துவிடுங்கள். கழுவுகிறவர் மூக்கில் என்95 மாஸ்க் இருக்கட்டும், துண்டு கட்டிக்கொள்வது இந்தத் துகளுக்குப் பிரயோஜனமில்லை. அம்மாவை மாடிக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்றும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் 2 கிலோவாட் போட்டதால் எண்ணூர்க் காற்று சுத்தமாகிவிடவில்லை. எங்கள் வீட்டு மேலே 2 கிலோவாட், அந்தப் பக்கம் 41 லட்சம் கிலோவாட். சோலார் குறைத்தது எங்கள் பில்லையும் அடுப்படி நெருப்பையும்தான். அம்மாவின் மூச்சைக் காப்பாற்றியது கொசுவலை, இன்ஹேலர், அந்த ஊதுகுழல், மூடிய ஜன்னல். சோலார் போட்டால் ஆஸ்துமா போகும் என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சாம்பல் குளங்களும் கொசஸ்தலை ஆற்றில் படிகிற சாம்பலும் வேறு சண்டை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதும்போது, வருடக்கணக்கில் தேதியோடு இருக்கிற ஒரு நோட்டு கையில் இருந்தால் நம் பேச்சுக்குக் கொஞ்சம் எடை வருகிறது.

கடைசியாக முதல் பில். நெட் மீட்டர் மாட்டிய அன்றே அதில் தெரிகிற இரண்டு ரீடிங்கையும், லைனிலிருந்து வாங்கியது, லைனுக்குக் கொடுத்தது, தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். மீட்டர் குறிக்க வருகிறவர் வரும்போது கூடவே நின்று அன்றைக்கும் இரண்டையும் எடுங்கள். எங்களுக்கு முதல் பில்லில் கொடுத்த யூனிட்டைக் கழிக்காமல் வாங்கியதுக்கு மட்டும் போட்டுவிட்டார்கள். இரண்டு போட்டோவையும் எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்துக்குப் போனேன், கால் மணி நேரத்தில் திருத்திக் கொடுத்தார்கள். போட்டோ இல்லாமல் போன பின்தெரு அக்கா மூன்று நடை நடந்தார்.